யார் பார்த்து வைத்த வீடு?

11

காலையில் எழுந்ததிலிருந்து லிஃப்ட்காரர் தன் மனைவியைக் கண்காணித்துக்கொண்டிருந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. நேற்று மாலை வீட்டு ஃபோனை அவர் எடுத்தபோது பழக்கமில்லாத ஒரு பெண் குரல், “நாளைக்குக் குடும்பத்தோட வர்றீங்கதானே சார்? அறையைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கேன்,” என்றது. எந்த அறை என்று கேட்டார். ஊருக்கு வெளியே இருக்கும் முதியோர் குடியிருப்பைச் சொன்னது அந்தக் குரல். ராங் நம்பர் என்று சொல்லி வைக்கப் போனார். அதற்குள் சமையலறையிலிருந்து வந்த மனைவி, “போய்ப் பாத்துட்டுத்தான் வருவோமே. பாப்பா வண்டியோட வர்றா,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

ஆக, அம்மாவும் மகளும் பேசி முடித்துவிட்டார்கள். வீட்டுக்காரருக்குத்தான் கடைசியில் தெரிந்திருக்கிறது.

சந்தேகம் அவருக்குத் தொழிலோடு ஒட்டிக்கொண்டு வந்த குணம். ஓய்வு பெறும்வரை லிஃப்ட் பழுது பார்த்தவர். நின்றுபோன லிஃப்ட்டைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. அது உண்மையைச் சொல்லிவிட்டது. ஓடிக்கொண்டே எதையோ மறைக்கிற லிஃப்ட்தான் ஆபத்து என்பார்.

இப்போது வீடு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச காலமாகவே மனைவி அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவர் காதுக்குப் பக்கத்தில், தோளுக்கு மேலே, பின்னால் இருக்கும் சுவரில், எங்கேயோ பார்த்துப் பதில் சொல்லுவாள். கல்யாணமான புதிதிலிருந்து நேருக்கு நேர் நின்று சண்டை போட்டவள். வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து, எந்த வக்கீலுக்கும் பயப்படாமல் பிழையைச் சுட்டிக் காட்டியவள். தெருவில் அவளுக்கு டைப்பம்மா என்று பெயர். அப்படிப்பட்டவள் பார்வையை ஒதுக்குகிறாள் என்றால், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்றுதானே அர்த்தம்?

போதாததற்கு வியாழக்கிழமைதோறும் பழைய ஆபீஸ் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்புகிறாள். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிவு. வீட்டில் இருக்கும்போது அந்தத் தெளிவு இல்லை.

“டீயில சர்க்கரை போட்டியா?” என்று கேட்டார்.

“போட்டேன்.”

“முகத்தைப் பாத்துச் சொல்லு.”

“சர்க்கரை முகத்துலயா இருக்கு? டம்ளர்ல இருக்கு. குடிங்க.”

வாசலில் ஹாரன் அடித்தது. மகள் வந்துவிட்டாள்.

மகளுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் கியர் போடக் கற்றுக்கொண்டார்கள். ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். அவள் கொண்டுவந்தது கற்றுக்கொடுக்கிற வண்டி. கூரைமேல் பலகையும், பக்கத்து இருக்கையின் காலடியில் இன்னொரு பிரேக்கும் இருக்கும்.

லிஃப்ட்காரர் முன்னால் ஏறினார். மனைவி பின்னால் உட்கார்ந்தாள்.

“அப்பா, காலை ஒதுக்கி வச்சுக்கங்க. போன தடவ மாதிரி பிரேக்கை அமுக்கிடாதீங்க.”

“போன தடவ லாரி வந்துச்சு.”

“லாரி அடுத்த தெருவுல வந்துச்சு.”

சாதாரணமாக இந்த இடத்தில் அவள் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு ஓட்டினாள். பெரிய சாலைக்கு வந்ததும், “எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. நான் என்ன, வெறும் டிரைவர்தானே,” என்றாள்.

நீ அடிக்கிற மாதிரி அடி, நான் அழுகிற மாதிரி அழுகிறேன் என்று அம்மாவும் மகளும் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பதில் சொல்லவில்லை. பேசினால் உஷாராகிவிடுவார்கள்.

குடியிருப்பு அவர் எதிர்பார்த்த மாதிரி இல்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. மருந்து வாடை அடிக்கவில்லை. யாரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மூன்று மாடிக் கட்டடம், நடுவில் புல்தரை. அங்கே ஒரு அம்மாள் குடைபிடித்துக்கொண்டு யாரையோ ஃபோனில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். பார்க்க வருகிறவர்களுக்காக நன்றாகத் துடைத்து வைத்திருப்பார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

சாவிக்கொத்தோடு மேனேஜர் பெண் எதிரே வந்தாள்.

“வாங்க சார். முதல்லயே சொல்லிடறேன், இது முதியோர் இல்லம் இல்ல. குடியிருப்பு. அவங்கவங்க வீடு, அவங்கவங்க சாவி.”

“இல்லம்னு பேரு வச்சா முதியோரே இல்லைன்னு அர்த்தம் வந்துடும்னு பயமா?”

மேனேஜர் சிரித்தாள். இந்த ஜோக்கை வாரம் ஒருவராவது சொல்லியிருப்பார்கள் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

லிஃப்ட்டுக்குள் முதலில் நுழைந்தது அவர் மனைவி. உள்ளே போனதும் அவள் விரல்கள் பொத்தான் பலகையின் ஓரத்தைத் தொட்டு, மெல்ல மேலே ஏறி, இரண்டாம் மாடிப் பொத்தானை அழுத்தின. லிஃப்ட் கிளம்பியது. கதவு ரோலர் தேய்ந்திருந்தது. ஆனால் லிஃப்ட்காரர் காது ரோலரில் இல்லை.

எந்த மாடி என்று மேனேஜர் இன்னும் சொல்லவே இல்லை.

இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் உயரமான ஒரு பெரியவர் எதிரே வந்தார். இவர்களைக் கண்டதும் நின்றார். டைப்பம்மாவுக்கு முன்னால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் வந்து, “நான்தான், போஸ்ட்மாஸ்டர்,” என்றார்.

எதிரிலேயே நிற்கிற மனுஷன் எதற்காக நான்தான் என்று சொல்ல வேண்டும்? லிஃப்ட்காரருக்கு மூக்கு வியர்த்தது.

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமை ஆச்சே? நீங்க வியாழக்கிழமை ஆளாச்சே?” என்றார் போஸ்ட்மாஸ்டர்.

“வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

“ஓ, லிஃப்ட்காரரா? நிறையக் கேள்விப்பட்டிருக்கேன்.” கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

என்ன கேள்விப்பட்டார், யார் சொல்லிக் கேள்விப்பட்டார் என்பதெல்லாம் லிஃப்ட்காரர் தொண்டைவரை வந்து நின்றன. இந்த வயதில் ஒரு மனுஷனுக்கு வரக்கூடாத சந்தேகம் ஒன்றும் கூடவே வந்தது. அதை அவர் வெட்கத்தோடு விழுங்கினார். ஆனாலும் வியாழக்கிழமைகளின் மர்மம் பாதி உடைந்துவிட்டது. அவள் இங்கேதான் வந்துகொண்டிருந்திருக்கிறாள்.

“நீங்க அறையைப் பாருங்க. நான் சிநேகிதியைப் பாத்துட்டு வந்துடறேன்,” என்று டைப்பம்மா சுவரோரமாக நடந்து, ஒரு கதவைத் தாண்டி, அடுத்த கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து ஒரு குரல் அவளை வரவேற்றது. மகளுக்கு யாரோ மாணவனிடமிருந்து ஃபோன். “கிளச்ச விட்டுட்டா வண்டி நிக்கத்தான் செய்யும்,” என்று அதட்டிக்கொண்டே அவள் மாடிப்படியில் இறங்கிப் போனாள்.

மேனேஜர் ஓர் அறையைத் திறந்தாள். வெளிச்சமான அறை. ஜன்னல், மேசை, நாற்காலி, அலமாரி. சுவரோரம் ஒரே ஒரு ஒற்றைக் கட்டில்.

“இன்னொரு கட்டில் எங்கே?”

“ஒருத்தருக்குத்தானே சார் கேட்டிருந்தீங்க?”

“யார் கேட்டது?”

மேனேஜர் முகம் மாறியது. எங்கேயோ தவறாகக் காலை வைத்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. “நான் அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிக்கறேன் சார்,” என்று சாவியை அடுத்த கைக்கு மாற்றினாள்.

லிஃப்ட்காரர் அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒருவருக்கு. எந்த ஒருவருக்கு என்று யோசிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தது யார்? அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கடைக்குப் போனது யார்? ஒருநாள் பக்கத்துத் தெருவில் வழி புரியாமல் கொஞ்ச நேரம் நின்றாரே, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் யாராவது பார்த்துப் போய்ச் சொல்லியிருக்கலாம். அதனால்தான் மனைவியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு மனுஷனைக் கொண்டுபோய் விடப்போகிறோம் என்று முடிவு பண்ணிவிட்டால், அவன் கண்ணைப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்?

படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினார்.

கார் நிறுத்துமிடத்தில் மகள் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

“எத்தனை நாளா இந்தத் திட்டம்?”

“எந்தத் திட்டம்?”

“என்னை இங்க ஒத்தைக் கட்டில்ல போட்டுட்டு, உங்கம்மாவை நீ கூட்டிட்டுப் போற திட்டம்.”

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் வருவதற்கு முன் அவள் முகத்தில் குழப்பம் வந்தது. அது நடிப்பில்லை என்று அவருக்கே தோன்றியது.

“அப்பா, நேத்துலருந்து எனக்குச் சோறு இறங்கல. எங்க வீட்டு மாடியறை சும்மாக் கிடக்கு. அவரு ரெண்டு தடவை வந்து கூப்பிட்டாரு. மாப்பிள்ளை வீட்டுல கால் நீட்டிட்டு உக்கார மாட்டேன்னு சொன்னீங்க. இப்ப முன்னப்பின்ன தெரியாதவங்க இடத்துக்குக் கிளம்பிட்டீங்க. பெத்தவங்களை வச்சுக்க இவளுக்கு வக்கில்லையான்னு நாளைக்கு நாலு பேரு என்னைத்தான் கேப்பாங்க.”

“நான் எங்க கிளம்பினேன்? நீதானே எல்லாம் ஏற்பாடு பண்ணின?”

“நானா? அம்மா ஃபோன் பண்ணினா. ‘அப்பாவை அங்க கூட்டிட்டுப் போகணும், வண்டி எடுத்துட்டு வா’ன்னா. உங்க யோசனைன்னுதான் நினைச்சேன். எம்மேல ஏதோ கோவம், அதான் அம்மாவை விட்டுச் சொல்றீங்கன்னு.”

“எங்கிட்ட, ‘பாப்பா வண்டியோட வர்றா’ன்னா.”

புல்தரையில் குடைக்கார அம்மாள் இன்னும் ஃபோனில் யாரையோ விட்டபாடில்லை.

“அப்ப உனக்கு இதுல இஷ்டமில்ல?”

“துளிகூட இல்ல.”

“எனக்கும் இல்ல. நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி.”

“அப்ப யாருப்பா?”

கேட்ட வேகத்தில் இருவருமே மேலே பார்த்தார்கள். இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் டைப்பம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை கைப்பிடிச் சுவரின்மேல் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. இவர்கள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். மகள் கையை ஆட்டினாள். அவள் பதிலுக்கு ஆட்டவில்லை.

“பாத்தீங்களா, பாத்தும் பாக்காத மாதிரி நிக்கறா,” என்றாள் மகள்.

“நீ இங்கயே இரு. நான் கேட்டுட்டு வர்றேன்.”

அவர் மேலே போனபோது தாழ்வாரத்தின் கோடியில் இருந்த பிரம்பு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. லிஃப்ட்காரர் உட்காரவில்லை. அவளுக்கு நேர் எதிரே நின்றார்.

“வியாழக்கிழமையெல்லாம் இங்கதான் வந்தியா?”

“ஆமா.”

“சிநேகிதி வீட்டுக்குன்னு சொன்ன.”

“அவ வீடு இதுதான். போன வருஷம் இங்க வந்துட்டா. அவ எங்க இருக்கான்னு நீங்க ஒரு நாளும் கேக்கலையே.”

பொய் என்று சொல்ல வழியில்லை. அவர் அடுத்த கேள்விக்குப் போனார்.

“ஒத்தைக் கட்டில் யாருக்கு?”

“எனக்கு.”

உங்களுக்குத்தான் என்று அவள் சொல்லுவாள், அதற்கு இப்படி இப்படிப் பதில் கொடுக்கலாம் என்று படியேறும்போதே எல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தார். எதுவும் உதவவில்லை.

“அப்படி என்ன குறை வச்சேன் உனக்கு?” குரல் அவரை அறியாமல் இறங்கியது. “என்னை விட்டுட்டு வந்து தனியா இருக்கற அளவுக்கு எம்மேல என்ன கோவம்? முகத்தைக்கூடப் பாக்க மாட்டேங்கற. இதோ, இப்பகூடச் சுவத்தைப் பாத்துத்தான் பேசற.”

“உங்களைப் பாக்கறதுக்குத்தான் சுவத்தைப் பாக்கறேன்.”

அவருக்குப் புரியவில்லை.

“நேராப் பாத்தா உங்க முகம் இருக்கற இடத்துல ஒண்ணுமே இல்லங்க. சாம்பலை அப்பின மாதிரி ஒரு கறை. காது தெரியுது, தோள் தெரியுது, நடுவுல ஆளில்லை. கொஞ்சம் ஒதுங்கிப் பாத்தாத்தான் மூக்கும் மீசையும் வருது. அதுவும் பழைய தெளிவு இல்ல.”

கீழே எங்கேயோ ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நாட்களாக அவள் டீ ஊற்றும்போது டம்ளர் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொள்வது லிஃப்ட்காரருக்கு ஞாபகம் வந்தது. அது என்ன பழக்கம் என்று அவர் ஒருமுறை அதட்டியிருக்கிறார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இத்தனை மாதம் அவளைக் கண்காணித்தும், அவள் கண்ணை அவர் கவனிக்கவில்லை.

“டாக்டர்?”

“சிநேகிதியோட போய்ப் பாத்தாச்சு. ரெண்டு டாக்டர். கண்ணாடி மாத்தினா சரியாகற விஷயம் இல்லையாம். முழு இருட்டு ஆகாது, ஓரம் தெரிஞ்சிட்டே இருக்கும்னாங்க. நடுதான் போகும். மெதுவாப் போகும்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா அன்னிக்கே என்னை நாற்காலியில உக்கார வச்சிருப்பீங்க. அடுப்புப் பக்கம் விட்டிருக்க மாட்டீங்க. கையைப் புடிச்சுக் கொல்லை வரைக்கும் கூட்டிட்டுப் போயிருப்பீங்க. உங்களைத் தெரியாதா எனக்கு?”

அவள் சொன்னதையெல்லாம் அவர் இந்தச் சில நிமிஷத்திலேயே மனசுக்குள் செய்து முடித்திருந்தார். அடுப்பை அவர் பார்த்துக்கொள்வது, படிக்குக் கம்பி வைப்பது, அவளைத் தனியாக வெளியே விடாமல் இருப்பது.

“சரி, இப்பவே என்ன அவசரம்? இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும். நிஜமாவே முடியாமப் போனா அப்ப வரலாம்.”

“இல்லங்க. இப்பதான் வரணும்.” அவள் குரலில் வக்கீல்களைத் திருத்திய பழைய உறுதி வந்தது. “டைப் கத்துக்கற புதுசுல எழுத்தைப் பாத்துப் பாத்துத்தான் விரலை வச்சோம். பழகினதுக்கப்புறம் கைமேல துணியைப் போட்டு மூடிட்டாங்க. பாக்காமலே விரல் போச்சு. முதல் நாளே துணியைப் போட்டிருந்தா ஒரு எழுத்தாவது வந்திருக்குமா?”

“அது மிஷினு.”

“மனுஷங்களும் அப்படித்தான். இப்ப வந்தா இங்க இருக்கறவங்க முகத்தை ஓரக்கண்ணாலயாவது பாத்து வச்சுக்குவேன். போஸ்ட்மாஸ்டருக்கு மோவாயில ஒரு பள்ளம் இருக்கு, பாத்தீங்களா? அவர் நான்தான்னு சொன்னா எனக்கு அந்தப் பள்ளம் வந்து நிக்குது. அப்படி ஒவ்வொருத்தரையும் சேத்து வச்சுக்கணும். ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா, முகமில்லாத குரலுங்களுக்கு நடுவுலதான் உக்காந்திருப்பேன். அது குடித்தனம் இல்ல. ரேடியோ கேக்கறது.”

லிஃப்ட்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். போஸ்ட்மாஸ்டர்மீது வந்த சந்தேகத்தை நினைத்து அவருக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

“அப்ப நான்?” என்றார், கடைசியில்.

“அந்த வீட்டுல ஒவ்வொரு சுவிட்சும் நீங்க போட்டது. உங்களைப் பிடுங்கிக் கொண்டுவந்து இங்க நட வேண்டாம்னுதான் ஒரு கட்டில் கேட்டேன். நீங்க வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்து என்னைப் பாத்துட்டுப் போங்க.”

“நான் என்ன விருந்தாளியா?”

அவள் சிரித்தாள். அவர் பக்கம் தலையைத் திருப்பாமல், எதிரே இருந்த தூணைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

“இந்தப் பக்கம் உக்காந்தா தெரியறேனா?”

“தெரியறீங்க. ஷேவ் பண்ணல.”

அவர் மோவாயைத் தடவிக்கொண்டார்.

“பாப்பாகிட்ட இப்பச் சொல்லாதீங்க,” என்றாள் அவள். “அவ உங்களுக்கு மேல. நேரம் பாத்து நானே சொல்றேன்.”

சரி என்று தலையாட்டினார். தலையாட்டியது அவளுக்குத் தெரிந்ததா என்று நிச்சயமில்லாமல், வாயாலும் சொன்னார்.

கிளம்புவதற்கு முன் அவர் மட்டும் மேனேஜர் அறைக்குப் போய், இரண்டு பேர் இருக்கிற மாதிரி வீடு ஏதாவது காலியாக இருக்கிறதா என்று கேட்டார். அதே மாடியில் கோடி வீடு ஒன்று இருக்கிறது, ஆனால் வேறு ஒரு தம்பதி பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றாள் அவள். இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. ரகசியத்தைத் துருவிக்கொண்டு வந்தவர், போகும்போது மடியில் இரண்டு ரகசியங்களைக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

கார் நிறுத்துமிடத்தில் முதல் சங்கடம் வந்தது. டைப்பம்மா நேராகப் போய்ப் பக்கத்தில் நின்ற வேறொரு வெள்ளை வண்டியின் கதவைத் திறக்கப் பார்த்தாள். லிஃப்ட்காரர் வேகமாக வந்து, “இந்தப் பக்கம் நிழலா இருக்கு, இப்படி வா,” என்று அவள் தோளைத் தொட்டுத் திருப்பினார். மகள் பார்த்தாள். வண்டியைக் கிளப்பினாள்.

“என்ன சொன்னா?” என்று அப்பாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள், கொஞ்ச தூரம் போனதும்.

“இடம் நல்லாருக்காம். காத்தோட்டமா இருக்காம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

லிஃப்ட்காரருக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. இல்லாத வேலையைச் செய்வதுபோல் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். மகள் சாலையைப் பார்த்ததைவிட மேலே இருந்த கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்ததுதான் அதிகம். வண்டி கற்றுக்கொடுப்பவள். பக்கத்தில் இருப்பவன் அடுத்து என்ன தப்புச் செய்யப்போகிறான் என்று அவன் செய்வதற்கு முன்னால் கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு.

சிக்னலில் வண்டி நின்றது.

“அம்மா, முன்னாடி நிக்கற வண்டி நம்பர் என்ன?”

கேள்வியை லேசாகத்தான் கேட்டாள். ஆனால் அது என்ன கேள்வி என்று லிஃப்ட்காரருக்குத் தெரியும். புதிதாகக் கற்றுக்கொள்ள வரும் ஒவ்வொருவரிடமும், ஸ்டியரிங்கைத் தொட விடுவதற்கு முன்னால், அவள் கேட்கிற முதல் கேள்வி அது.

பின்னால் சத்தமில்லை.

லிஃப்ட்காரர் நம்பரை உரக்கப் படித்தார்.

“நான் உங்களைக் கேக்கலப்பா.”

விளக்கு பச்சையானது. பின்னால் இருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. மகள் சிக்னலைத் தாண்டி, பூட்டிக் கிடந்த ஒரு கடைக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டினாள். எஞ்சினை அணைத்துவிட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“எவ்வளவு நாளாம்மா?”

“ஒரு வருஷமா. கொஞ்சம் கொஞ்சமா,” என்றாள் டைப்பம்மா. இனி மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, நடுவில் இருக்கும் கறையையும், டாக்டர்கள் சொன்னதையும், தானே அந்தக் குடியிருப்புக்குப் போக நினைத்ததையும் சுருக்கமாகச் சொல்லி முடித்தாள்.

மகள் அழவில்லை. உள்ளங்கையால் மூக்கை ஒருமுறை துடைத்துக்கொண்டாள். பிறகு வேகமாகப் பேச ஆரம்பித்தாள்.

“நேரா எங்க வீட்டுக்குப் போறோம். துணிமணியெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம். மாடி வேண்டாம், கீழ் ரூமை இன்னிக்கே காலி பண்ணச் சொல்றேன். வேலைக்கு ஒரு ஆளைப் போட்டுக்கலாம். நீ எதையும் தொட வேண்டாம், எங்கயும் தனியாப் போக வேண்டாம். நாளைக்கு நான் வேற டாக்டர்கிட்ட காட்டறேன்.”

டைப்பம்மா இருக்கையில் சாய்ந்துகொண்டாள்.

“இதுக்குத்தான் சொல்லல,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

“அப்பா, நீங்களாவது சொல்லுங்க. நாம ஒரே கட்சின்னு சொன்னீங்கல்ல?”

சொன்னது உண்மைதான். மத்தியானம்வரை அது உண்மையாகத்தான் இருந்தது. மகள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அன்பில்லாத வார்த்தை இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. அந்தப் பட்டியலைத் தாழ்வாரத்தில் நின்று அவரும்தான் போட்டிருந்தார்.

லிஃப்ட்காரர் கதவைத் திறந்து கீழே இறங்கினார். பின்கதவைத் திறந்து மனைவிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

மகள் காலியான முன்னிருக்கையைப் பார்த்தாள். கண்ணாடியில் இருவரையும் பார்த்தாள். வேறு வழியில்லாமல் சாவியைத் திருப்பினாள்.

“எந்தப் பக்கம் போறதுப்பா? எங்க வீட்டுக்கா, உங்க வீட்டுக்கா? இல்ல, திரும்ப அங்கயேவா?”

“என்னைக் கேக்காத,” என்றார் லிஃப்ட்காரர். “அவளைக் கேளு.”